வயசாயிடுச்சா, இல்ல உட்கார்ந்தே இருந்துட்டோமா?

இன்னைக்கு எபிசோட் உடற்பயிற்சி பத்தி. சிக்ஸ் பேக் பத்தி இல்ல, புரோட்டீன் பவுடர் பத்தியும் இல்ல. வயசு ஏற ஏற உடம்பு ஏன் தளருது, அதுல நம்ம கையில இருக்கறது எவ்வளவு? இதுதான் இன்னைக்குப் பேச்சு.

எங்க டீம்ல எல்லாருக்கும் 25-லேருந்து 35 வயசுக்குள்ளதான். லிஃப்ட் ரிப்பேர் ஆன அன்னைக்கு மூணாவது மாடி ஏறினதும் எல்லார் வாயிலயும் ஒரே டயலாக்தான்: "வயசாயிடுச்சு மச்சி." நாம விளையாட்டா சொல்றோம். அதையே 58 வயசுல நம்ம அப்பா அம்மா சீரியஸா சொல்றாங்க. "இந்த வயசுல இதெல்லாம் அப்படித்தான்பா." ரெண்டு தலைமுறையும் சேர்ந்து பழியை வயசு மேல போட்டுடறோம். வயசு உண்மையிலேயே அவ்வளவு பெரிய குற்றவாளியா?

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு. வருஷம் 1966. அமெரிக்காவுல டல்லஸ் நகரம். 20 வயசை ஒட்டின, ஆரோக்கியமான அஞ்சு பசங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. அவங்க செய்ய வேண்டிய வேலை மூணு வாரம் கட்டில்ல படுத்தே இருக்கறது. கேட்க ஜாலியாத்தான் இருக்கு. மூணு வாரம் முடிஞ்சதும் அவங்க உடம்பு ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுதுன்னு அளந்தாங்க. நம்ம உடம்போட மேக்சிமம் கெபாசிட்டினு வச்சுக்கங்களேன். அது நாலுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருந்தது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கடுமையான பயிற்சி கொடுத்தாங்க. எல்லாரும் பழைய அளவைத் தாண்டிட்டாங்க. அந்தக் காலத்துல மாரடைப்பு வந்தா வாரக்கணக்குல அசையாம படுத்திருக்கறதுதான் வைத்தியம். அந்தப் பழக்கம் மாறினதுல இந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு.

ஆனா கதையோட சுவாரசியமான பகுதி 1996-ல வருது. அதே அஞ்சு பேரை 30 வருஷம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டாங்க. இப்போ எல்லாருக்கும் 50 வயசு. சராசரியா 20 கிலோவுக்கு மேல எடை கூடியிருக்கு, உடம்புல கொழுப்பு ரெண்டு மடங்கு ஆகியிருக்கு. அதே டெஸ்ட்டை மறுபடி எடுத்தாங்க. ஆக்சிஜன் கெபாசிட்டி குறைஞ்சுதான் இருந்தது. ஆனா எவ்வளவு? 20 வயசுல மூணு வாரம் படுத்ததுல குறைஞ்ச அளவுக்குக்கூட இந்த 30 வருஷத்துல குறையல. அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக்கூட.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 30 வருஷ வயசைவிட மூணு வார சும்மா இருத்தல் அதிகமா அடிச்சிருக்கு.

அடுத்து ஆறு மாசம் பயிற்சி. நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள், இவ்வளவுதான். மெதுவா ஆரம்பிச்சு, படிப்படியா நேரத்தைக் கூட்டி, கடைசியில வாரத்துக்கு சுமார் நாலரை மணி நேரம். முடிவுல 20 வயசுல முதல் நாள் இருந்த அளவுக்கே திரும்பி வந்துட்டாங்க. நியாயமா ஒண்ணு சொல்லணும்: 1966-ல பயிற்சிக்கு அப்புறம் தொட்ட உச்சத்தை யாராலயும் மறுபடி தொட முடியல. அது வயசு எடுத்துக்கிட்ட பங்கு. அஞ்சே பேர், அதுவும் எல்லாரும் ஆண்கள், அதனால இதை வச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனா திசை தெளிவா இருக்கு. வயசுன்னு நாம சொல்றதுல ஒரு பெரிய பகுதி, பயன்படுத்தாம விட்டது.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உடம்பு ஆட்டோ ஸ்கேலிங் போட்ட சர்வர் மாதிரி. லோடு வரலைன்னா, இது தேவையில்லைன்னு முடிவு பண்ணி கெபாசிட்டியைக் குறைச்சிடும். லோடு வந்தா திரும்பக் கூட்டும். ஒரே வித்தியாசம், கிளவுட்ல ரெண்டு நிமிஷத்துல ஏறிடும், உடம்புல மாசக்கணக்கு ஆகும்.

சரி, இதுவரைக்கும் பேசினது மூச்சு, இதயம். நம்ம வீடுகள்ல அதிகமா கண்டுக்காம விடறது இன்னொண்ணு இருக்கு. தசை பலம்.

எங்க அம்மாவுக்கு 56 வயசு. தினமும் 40 நிமிஷம் நடப்பாங்க, மழைன்னாலும் மொட்டை மாடி ஷெட்டுக்குக் கீழ நடப்பாங்க. ஆனா தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்க ஒரு கை சுவத்துல, ஒரு கை என் தோள்ல. கல்யாண வீட்ல எல்லாரும் ஜமுக்காளத்துல உட்கார்ந்து பேசுவாங்க, அம்மா மட்டும் சேர் தேடுவாங்க. கேட்டா, "நான்தான் தினம் நடக்கறேனேடா, இதுக்கு மேல என்ன பண்ணணும்?"

எனக்கு ஏன் இது பயமா இருந்துச்சுன்னா, எங்க பாட்டி. 74 வயசுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. எலும்பு முறியல, பெரிய அடியும் இல்ல. ஆனா எழுந்திரிக்க முடியல. அம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ஈரத் தரையிலயே இருந்தாங்க. அன்னையிலிருந்து பாட்டி தனியா எங்கயும் போகல, நாங்களும் விடல. நடை குறைஞ்சது, கால் இன்னும் சூம்பிப் போச்சு. ஒரு ஆள் தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கறதும் அடுத்தவங்களை நம்பி இருக்கறதும், சில சமயம் தொடையில இருக்கற பலத்தைப் பொறுத்தது.

பொதுவா சொல்ற கணக்கு என்னன்னா, 30 வயசுக்கு மேல ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் தசை 3-லேருந்து 8 சதவீதம் குறையும். 60-க்கு அப்புறம் இன்னும் வேகமா. இதுக்கு சார்கோபீனியான்னு பேர். பேர் வச்சதே 1980-களோட கடைசியிலதான். நடை ரொம்ப நல்லது, இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு. ஆனா தசைக்கு பாரம் வேணும். தினம் பத்தாயிரம் ஸ்டெப் நடந்தா எல்லாம் சரியாகிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு இல்ல? அந்த எண் பரவினதே 1965-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரோட பேர்லேருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு ரெண்டு விஷயம் சேர்த்தே சொல்லியிருக்கு. வாரத்துக்கு 150-லேருந்து 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. 65-க்கு மேல இருக்கறவங்களுக்கு, தடுமாறாம நிக்கறதுக்கான பயிற்சியும் பலத்துக்கான பயிற்சியும் வாரத்துல மூணு நாள்.

"இந்த வயசுல தசையா?"ன்னு கேட்கறவங்களுக்கு இன்னொரு ஆராய்ச்சி. 1990, பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லம். மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டர், 86-லேருந்து 96 வயசு வரைக்கும் இருந்த பத்து பேருக்கு எட்டு வாரம் காலுக்கு வெயிட் பயிற்சி கொடுத்தாங்க. ஒன்பது பேர் முடிச்சாங்க. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. 90 வயசுல! அதே சமயம், பயிற்சியை நிறுத்தினதும் பலம் மறுபடி இறங்க ஆரம்பிச்சது. இது கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கற விஷயம் இல்ல. பல் தேய்க்கற மாதிரி.

அப்போ வீட்ல என்ன செய்யலாம்? முதல்ல அளந்து பாருங்க. கைப்பிடி இல்லாத ஒரு சேர், சுமார் 17 அங்குல உயரம், நகராம சுவத்தோட ஒட்டிப் போடுங்க. கைகளை மார்புக்குக் குறுக்கே வச்சுக்கிட்டு, 30 விநாடியில எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு எண்ணுங்க. மருத்துவர்கள் விழும் அபாயத்தைப் பார்க்கப் பயன்படுத்தற டெஸ்ட்தான் இது. 60-லேருந்து 64 வயசுல ஆண்களுக்கு 14-க்குக் கீழ, பெண்களுக்கு 12-க்குக் கீழ வந்தா சராசரிக்குக் குறைவு. பெரியவங்க செய்யும்போது பக்கத்துலயே நில்லுங்க. இதய நோய், முழங்கால் ஆபரேஷன், தலைசுத்தல் இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

அழகு என்னன்னா, டெஸ்ட்தான் பயிற்சியும். அம்மாவுக்கு சேர் மேல ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, அஞ்சு தடவைல ஆரம்பிச்சோம். வாரத்துல மூணு நாள். அப்புறம் தலையணையை எடுத்தோம். பின்னாடி ரெண்டு கையிலயும் ஒவ்வொரு லிட்டர் தண்ணி பாட்டில். இது கிட்டத்தட்ட தோப்புக்கரணம்தானேன்னு சொன்னேன். "அதைப் பிள்ளையார் முன்னாடி போட்டிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்"னாங்க. அஞ்சு மாசம் ஆச்சு. அற்புதம்லாம் எதுவும் நடக்கல. தரையிலிருந்து எழுந்திரிக்க இப்பவும் ஒரு கை ஊணணும். ஆனா என் தோள் தேவைப்படல.

நம்ம வயசுக்காரங்களுக்கும் இதே கணக்குதான், நமக்கு நேரம் அதிகமா இருக்கு, அவ்வளவுதான். 30-ல சேர்த்து வைக்கற தசை, 70-ல செலவுக்கு ஆகும். ஜிம் மெம்பர்ஷிப் இருந்தா நல்லது, இல்லைன்னா பஸ்கி, தண்டால், படிக்கட்டு போதும். 20 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு நாள், காலண்டர்ல மீட்டிங் மாதிரி பிளாக் பண்ணுங்க. ரிலீஸ் வாரம்னா பத்து நிமிஷமாக் குறைங்க, ஆனா ஜீரோ ஆக்காதீங்க. போன வாரத்தைவிட ஒரு தடவை கூட, இல்ல ஒரு கிலோ கூட. அந்த சின்ன ஏற்றம் இல்லைன்னா உடம்பு இருக்கற இடத்துலயே நின்னுடும்.

இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க்: ஞாயித்துக்கிழமை டிபன் சாப்பிடறதுக்கு முன்னாடி, வீட்ல இருக்கற எல்லாரும் அந்த 30 விநாடி டெஸ்ட் எடுங்க. எண்ணை ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. மூணு மாசம் கழிச்சு அதே சேர்ல மறுபடி எண்ணுங்க. உங்க வீட்ல யார் ஜெயிச்சாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.

இப்போதைக்கு ஒரு வேலை. இதை உட்கார்ந்துக்கிட்டே கேட்டிருந்தீங்கன்னா, கொஞ்சம் எழுந்திரிங்க. கையை ஊணாம.