அவனுக்குப் பை, நமக்குக் கவரா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஓட்டும் ஓர் அமானிதம் என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆலிம்கள் அமர்ந்திருக்கும் சபையில் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுள்ளவன் இல்லை. என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது எனக்குப் பெருமை தரும் விஷயமும் இல்லை.

2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6 அன்று நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு. ஷஅபான் மாதம், பராஅத் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அந்தக் கொரோனா காலத்தில் 'எர்துக்ருல்' என்ற துருக்கி நாடகம் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இஷா தொழுதுவிட்டு நாங்களும் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவோம். அன்று பார்த்த பாகத்தில், ஒருவன் எதிரியிடம் பொற்காசுப் பையை வாங்கிக்கொண்டு தன் கூட்டத்தையே காட்டிக்கொடுக்கிறான். "முனாஃபிக்! காசுக்காக இப்படியும் செய்வானா?" என்று நான் சத்தமாகவே திட்டினேன்.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வாப்பா, அவனுக்குப் பை, நமக்குக் கவரா?" என்று கேட்டாள்.

அன்று அஸருக்குப் பிறகு வந்த கவர் அது. எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு. கொண்டுவந்தவர் அந்நியர் இல்லை, எனக்கு மச்சான் முறை. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடுவாரே என்று நான்தான் வாங்கி வைத்தேன். மகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அந்த இரவில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் மூன்று. காசு வாங்கினாலும் ஓட்டை என் மனசாட்சிப்படிதானே போடப்போகிறேன் என்பது ஒன்று. நான் வாங்காவிட்டால் நடுவில் இருப்பவர் எடுத்துக்கொள்வார் என்பது இரண்டு. பேசாமல் மதரஸா உண்டியலில் போட்டுவிடலாம் என்பது மூன்று. காலையில் உம்மாவிடம் மூன்றாவதைச் சொன்னேன். "அல்லாஹ் தூய்மையானதைத்தான் ஏத்துக்குவான். நமக்கே ஆகாத காசை அந்தப் புள்ளைங்க சாப்பாட்டுல கலக்கப் போறியா?" என்று கேட்டார்கள். மற்ற இரண்டையும் உம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

சகோதரர்களே! ஓட்டு என்பது ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். இன்னார் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும் என்பது சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனம் கற்றுத்தரும் பாடம். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்பதை அல்பகராவின் 283ஆம் வசனத்தில் பார்க்கிறோம். பெரும் பாவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் என்று வந்தபோது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதாக புகாரியில் வருகிறது. லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையுமே அவர்கள் சபித்ததாகத் திர்மிதியில் இருக்கிறது. ஓட்டை யாருக்குப் போட்டாலும், வாங்கியவன் வாங்கியவன்தானே?

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணப் பட்டுவாடாவால் நம் மாநிலத்தில் தேர்தலே நின்றிருக்கிறது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர்; 2019இல் வேலூர். இவற்றில் நம் மக்கள் கணிசமாக வாழும் தொகுதிகளும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் மகனின் ஓட்டு வீணாகிறதே என்று, அவர் பெயரில் வேறொருவரை அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். அவர் பெயரில் இன்னொருவர் போடுவது ஆள்மாறாட்டம். சாட்சியே இல்லாத இடத்தில் சாட்சி சொல்வது போன்றது அது. பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஜமாஅத் ஆலோசனை சொல்லலாம், கணவர் கருத்துச் சொல்லலாம். உங்கள் ஓட்டுக்கு நாளை மறுமையில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். அதைப் பார்க்கலாமா, கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் என் கணக்கை மட்டும் சொல்கிறேன். அந்த நாடகம் ஐந்து சீசன், 150 பாகம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மொத்தம் 300 மணி நேரம்! உண்மையான எர்துக்ருலைப் பற்றி வரலாற்றில் கிடைப்பது மிகக் கொஞ்சம். நாடகத்தில் பெரும்பகுதி கற்பனை. அந்தக் கற்பனைக் கூடாரத்தில் யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் என் தொகுதியில் நின்றவர்களில் யார் மீது என்ன வழக்கு, யாருக்கு எவ்வளவு சொத்து என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வேட்பாளரும் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. படிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை நான் ஒருமுறைகூட ஒதுக்கியதில்லை.

நாடகத்தில் கெட்டவன் வரும்போது இசையே மாறிவிடும். யாரை வெறுக்க வேண்டும் என்று அதுவே நமக்குச் சொல்லிவிடும். நம் வீதியில் அப்படி எந்த இசையும் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டு, ஸலாம் சொல்லிக்கொண்டு, மச்சானாகவே வருகிறது. நாம்தான் விசாரிக்க வேண்டும். நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

அன்று மஃரிபுக்குப் பிறகு கவரை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். "உங்க மேல கோபம் இல்ல மச்சான், இது எனக்கு வேண்டாம்" என்றேன். "நீங்க மட்டும் பெரிய அவுலியாவா?" என்று கேட்டார். நோன்புப் பெருநாளைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இறைச்சியோடு வந்தார். கவரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் வீட்டில் இப்போதும் நாடகம் பார்க்கிறோம். இஷாவுக்குப் பிறகு ஒரு பாகம், அதோடு சரி. ஃபஜ்ரைப் பறிக்கும் எதுவும் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். தேர்தல் வந்தால் ஒரு நாள் நாடகம் கிடையாது. அன்று வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை மகள் சத்தமாக வாசிக்க, எல்லோரும் கேட்கிறோம். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 நிரப்பிக் கொடுக்க நம் அறக்கட்டளை அலுவலகத்தில் உதவி கேளுங்கள்.

நம் செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் அந்த நாளில் நம் சாட்சியம் உண்மையானதாக இருக்க வல்ல அல்லாஹ் கிருபை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.