இளைஞர் இதயமும் ஒரு வினாத்தாளும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாரடைப்பு என்றதும் நரைத்த தலையே நம் நினைவுக்கு வரும். "எங்களுக்கென்ன, இளந்தாரிகள்!" என்று நாம் வாளாவிருந்து விடுகின்றோம். கொரியப் போரில் உயிர்நீத்த அமெரிக்கப் படைவீரர் 300 பேரின் இதயங்களைச் சோதித்த மருத்துவர்கள் 1953ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவ்வீரரின் சராசரி வயது 22. ஏறக்குறைய என் வயது. அவருள் நூற்றுக்கு 77 பேரின் இதய நாடிகளில் நோயின் அடையாளம் சிறிதாகவோ பெரிதாகவோ காணப்பட்டது. பின்னர் 1973இல் லூசியானா மாநிலத்துப் போகலூசா என்னும் சிறு நகரில் டாக்டர் ஜெரால்ட் பெரென்சன் தொடங்கிய ஆய்வு, சிறுவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, இந்நோயின் வேர் பிள்ளைப் பிராயத்திலேயே ஊன்றப்படுகின்றதென உணர்த்தியது.

அங்ஙனமாயின், இளைஞரின் நிலையை அளப்பது எப்படி? குருதியமுக்கத்தைக் கருவி காட்டும். உடல் நிறையைத் தராசு காட்டும். பழக்கத்தையும் மனப்பாங்கையும் அறியப் பெரும்பாலும் வினாத்தாளையே நாடவேண்டியுள்ளது. இடர்ப்பாடு அங்கேதான் உண்டு.

யான் பத்தாம் வகுப்பிற் பயின்றபோது எங்கள் மிஷன் பாடசாலையில் சுகாதாரம் பற்றிய வினாத்தாளொன்று தரப்பட்டது. பெயரும் வகுப்பும் எழுதச் சொன்னார்கள். ஆசிரியர் வாங்குகளுக்கிடையே உலாவிக்கொண்டிருந்தார். "தினமும் தேகாப்பியாசம் செய்கிறீரா?" என்ற வினாவுக்கு "ஆம்" என்றெழுதினேன். மைதானத்தை மிதித்து மூன்று மாதமாகியிருந்தது! அன்று பின்னேரமும் ரியூசன் முடிந்து ரோல்சும் சோடாவும் வாங்கி உண்டுவிட்டே வீடு சென்றேன். என் தாளில் இருந்தது ஆசிரியர் விரும்பிய பையனின் வாழ்க்கை.

அறிவு, மனப்பாங்கு, பழக்கம் என்னும் மூன்றும் வெவ்வேறானவை. உப்பு மிகுந்தால் குருதியமுக்கம் ஏறும் என்பது அறிவு. "எனக்கு அது வராது" என்பது மனப்பாங்கு. சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும் தேடுவது பழக்கம். ஒன்றை வினவி மற்றொன்றை அறிந்துவிட்டோம் எனக் கொள்வது தவறாகும்.

உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடாத்தும் பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு நம் இலங்கையிலும் 2008இலும் 2016இலும் நடைபெற்றது. அதில் மாணவர் பெயர் எழுதுவதில்லை. "தேகாப்பியாசம் நல்லதா?" என்று அது கேட்பதுமில்லை. கடந்த 7 நாள்களில் எத்தனை நாள் 60 நிமிடமேனும் உடலை இயக்கினீர் என்றே கேட்கின்றது. நல்லதா என்றால் நாவு "ஆம்" என்னும். எத்தனை நாள் என்றால் விரல்விட்டு எண்ணியாக வேண்டும். அதே தாளை இரு கிழமை கழித்து மீண்டும் கொடுத்து, விடைகள் ஒத்துவருகின்றனவா என நோக்குவதும் வினாத்தாளைச் சோதிக்கும் ஒரு வழியாகும்.

ஆதலின் இச்சபை முன் ஒரு விண்ணப்பம். நம் சங்க வாலிபர்க்கு ஆண்டுதோறும் பெயரில்லாத் தாளொன்று கொடுப்போம். உணவு, ஓட்டம், உறக்கம், புகைத்தல் ஆகியவற்றைக் கடந்த கிழமைக் கணக்காகக் கேட்போம். மனப்பாங்கைத் தனியே கேட்போம்.

பெரியோர்களே! விடைகள் கசப்பாயிருத்தல் கூடும். ஞாயிற்றுக்கிழமையும் ரியூசனுக்கு அனுப்பிவிட்டு, ஏன் விளையாடவில்லை என்று எங்களைக் கடியாதீர்கள். ஐந்தரை மணிக்கு மைதானத்தைத் திறந்துவிட வழி செய்யுங்கள். கடிந்தாலோ, அடுத்த ஆண்டும் நாங்கள் பொய்யே எழுதுவோம். அத்தாளால் எவருக்கும் பயன் இராது.

முதலாவது தாளை நிரப்ப யான் ஆயத்தம். இம்முறை மெய்யே எழுதுவேன்.