உள்வட்டச் சாலை: ஒரு பெயரும் அது காக்கும் பொருளும்



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது ஒரு சாலையின் பெயர். ஜொகூர் பாரு நகர மையத்தைச் சூழ்ந்து செல்லும் கூட்டரசுச் சாலை 188, மலாய் மொழியில் 'ஜாலான் லிங்காரான் டாலாம்' எனப்படுகிறது.

இப்பெயரைப் பகுத்து நோக்குவோம். 'ஜாலான்' என்பது சாலை. 'லிங்கார்' என்னும் அடிச்சொல்லோடு 'ஆன்' விகுதி சேர்ந்து வட்டத்தைக் குறிக்கும் பெயராகிறது. 'டாலாம்' என்பது உள். மலாயில் பெயர் முன்னே நிற்க, அதன் அடை பின்னே வரும். தமிழில் அடையே முன்னே வரும். ஆகவே அத்தொடரை இறுதியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் 'உள்வட்டச் சாலை' என்பது தானே அமைந்துவிடுகிறது. வட்டம் என்பதன் ஈற்று மகரம் கெட்டு, வல்லினம் மிகுந்தது. ஒரு மாணவன் இரு மொழிகளின் தொடரமைப்பையும் புணர்ச்சி விதியையும் இவ்வொரு பெயர்ப்பலகையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இதனைப் 'புறவழிச்சாலை' என்றால் என்ன குறை என்று சிலர் வினவக்கூடும். புறவழிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அது ஊரை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு அப்பால் செல்வது. 2012இல் திறக்கப்பட்ட கிழக்குப் பகுதி விரைவுச்சாலை, சுல்தான் இஸ்கந்தார் கட்டடத்திலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைக்கு வாகனங்களைக் கொண்டு செல்கிறது. அதனை 'இணைப்புச் சாலை' என்பது பொருந்தும். வட்டமோ அவ்வாறன்று, அது ஒரு நடுவை வைத்துக்கொண்டே சுழல்வது. நடு இல்லையேல் வட்டம் இல்லை.

இக்கருத்து தமிழருக்குப் புதியதன்று. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து சித்திரை, ஆவணிமூலம், மாசி, வெளி எனத் தெருக்கள் ஒன்றையொன்று சுற்றி அமைந்துள்ளன. கோட்டை மதில் இருந்த இடத்தில், அது இடிக்கப்பட்டபின் எழுந்தவையே வெளிவீதிகள். வியன்னாவிலும் 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் ஆணைப்படி மதில் அகற்றப்பட்டு, அங்கே வட்டச்சாலை எழுந்தது. ஆயினும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. மாசி வீதியில் தேர் வருவது, நடுவிலுள்ள கோயிலை வலம் வருவதற்காக. இக்கால உள்வட்டச் சாலையில் வாகனம் சுற்றுவது, நடுவுக்குள் நுழையாமல் செல்வதற்காக. முன்னது வலம், பின்னது விலகல்.

நம் நகரின் வட்டத்துக்குள் இருப்பவை எவை? வோங் ஆ ஃபூக் சாலை, துரூஸ் சாலை, உங்கு புவான் சாலை, அங்கே இராஜமாரியம்மன் கோயில், அதனையடுத்து இந்தியர் கடைகள். காரோட்டிக்கு உள்வட்டச் சாலை ஒரு வழி. வெளியிலிருந்து கோயிலுக்கு நடந்து வரும் முதியவருக்கோ அது கடந்தாக வேண்டிய ஓர் எல்லை. 'புறவழி' என்னும் சொல்லில் காரோட்டி மட்டுமே இருக்கிறார். 'உள்வட்டம்' என்னும் சொல்லில் அம்முதியவரும் அவர் சென்று சேரும் இடமும் இருக்கின்றன. சொல்லை மாற்றினால் நகரத்தின் நடுவே நம் பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்பதே நம் கவலை.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. முகவரியிலும் பெயர்ப்பலகையிலும் மலாய்ப் பெயர் அவ்வாறே நிற்கட்டும். அது இந்நாட்டின் சிறப்புப் பெயர், அதனை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. விளக்கும் இடத்தில் மட்டும் வட்டச்சாலை, புறவழிச்சாலை, இணைப்புச் சாலை என்னும் பொதுப்பெயர்களை வேறுபாடறிந்து ஆளப் பயிற்றுங்கள். மாணவர்கள் தத்தம் குடியிருப்பின் படத்தை வரைந்து, ஒவ்வொரு சாலையும் எவ்வகையைச் சேர்ந்தது என்று தமிழில் குறிக்கட்டும். தாம் வாழும் ஊரைத் தம் மொழியில் பிழையறச் சொல்ல வல்லவர்களே, அவ்வூர் மாறும்போது எது மாறுகிறது என்பதையும் சொல்ல வல்லவர்கள்.