பாகை எனில், எதன் பாகை?



தமிழில் தொழில்நுட்பம் எழுத இயலுமா என்னும் கேள்வி எழும்போதெல்லாம் நாம் கலைச்சொல் பட்டியலையே தேடிப் போகிறோம். பெயர்ச்சொற்கள் கிடைத்துவிட்டால் பணி முடிந்ததாக மகிழ்கிறோம். ஆனால், ஒரு செயல்முறையை மாணவர் தம் கையால் செய்து முடிக்கத் துணைநிற்பது பெயர்ச்சொல் மட்டுமன்று. ஓர் அளவு எதிலிருந்து, எதன்மேல், எந்நிலையில் எடுக்கப்பட்டது என்று சொல்லும் வாக்கியமே அவருக்குத் துணை. இதனை ஒரு பட்டறைப் பணியைக் கொண்டு காண்போம். எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதற்காகப் புதிய கேம்ஷாஃப்டைப் பொருத்தும்போது, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைச் சரிபார்ப்பதே அப்பணி.

கிராங்க்ஷாஃப்ட் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. கேம்ஷாஃப்ட் தன்மேல் உள்ள புடைப்புகளால் வால்வுகளைத் திறக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். ஆகவே, "4 பாகை திருப்புக" என்பது நிறைவற்ற வாக்கியம். கேமின் 4 பாகை கிராங்கின் 8 பாகை ஆகும். கேமுடன் வரும் விவரச்சீட்டில் வால்வு திறக்கும், மூடும் நேரங்கள் கிராங்கின் பாகையில் இருக்கும். உள்ளிழுப்புப் புடைப்புக்கும் வெளியேற்றப் புடைப்புக்கும் இடைப்பட்ட கோணமோ கேமின் பாகையில் இருக்கும். ஒரே தாளில் இருவகைப் பாகை!

அடுத்து, தொடக்க இடம். 1955ஆம் ஆண்டு வெளிவந்த செவ்ரலே சிறு வி-8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் இரு சங்கிலிச் சக்கரங்களிலும் உள்ள புள்ளிகளை ஒன்றையொன்று நோக்குமாறு வைத்தால் முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல் எல்லையில் நிற்கும். அது அழுத்த வீச்சின் முடிவு என்று பலர் கருதுவர். உண்மையில், அந்நிலையில் அழுத்த வீச்சை முடித்திருப்பது ஆறாம் சிலிண்டர். முதல் சிலிண்டரோ வெளியேற்றத்தை முடித்து உள்ளிழுப்பைத் தொடங்குகிறது. பிஸ்டன் ஒரு சுழற்சி முறையில் இருமுறை மேல் எல்லையை அடைகிறது. எனவே "மேல் எல்லை" என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த வீச்சின் முடிவில் என்றும் எழுத வேண்டும்.

புள்ளிகள் பொருந்தினால் போதாதா எனில், போதாது. கேமிலும் சக்கரங்களிலும் சாவிப்பள்ளங்களிலும் உள்ள சிறுசிறு வேறுபாடுகள் ஒன்றுகூடிச் சில பாகைகள் ஆகலாம். ஆதலால் அளந்தே அறிய வேண்டும்.

முதலில் கிராங்கின் முனையில் பாகைத் தட்டைப் பொருத்தி, எஞ்சின் உடலில் ஒரு கம்பி முள்ளை நிறுத்துகிறோம். மேல் எல்லைக்கு அருகில் சில பாகைகள்வரை பிஸ்டன் அசைவதே தெரியாது. கண்ணால் அவ்வெல்லையைக் கண்டறிய இயலாது. ஆகவே, பிஸ்டன் மேல் எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுமாறு ஒரு தடையைப் பொருத்துகிறோம். கிராங்கை ஒரு திசையில் மெல்லத் திருப்பிப் பிஸ்டன் தடையைத் தொட்டதும் அளவைக் குறிக்கிறோம். பின் எதிர்த்திசையில் திருப்பி மறு அளவைக் குறிக்கிறோம். ஒருபுறம் 24, மறுபுறம் 30 எனில், இருபுறமும் 27 காட்டுமாறு முள்ளை நகர்த்தினால் தட்டின் சுழி உண்மையான மேல் எல்லையாகும். பின்னர்த் தடையை அகற்றிவிட வேண்டும்.

அடுத்து, முதல் சிலிண்டரின் உள்ளிழுப்பு டாப்பெட்டின் மேல் டயல் கேஜை வைத்து, முழு ஏற்றத்தில் அதனைச் சுழியாக்குகிறோம். அந்த ஏற்றத்திலிருந்து 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ., குறைந்திருக்கும் இடங்களை ஏறும் பக்கத்திலும் இறங்கும் பக்கத்திலும் குறிக்கிறோம். அவை மேல் எல்லை கடந்து 76, 140 பாகைகள் எனில், கூட்டுத்தொகை 216. அதில் பாதி 108. அதுவே உள்ளிழுப்புப் புடைப்பின் மையம். இங்கு எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் கால் சுற்றேனும் பின்சென்று மீண்டும் வர வேண்டும். இல்லையேல் சங்கிலியின் தளர்வு அளவைக் கெடுக்கும். முன்னைய பணிக்கு இரு திசை. இப்பணிக்கு ஒரு திசை. "திருப்பி, தொட்டு, குறித்து" என வினையெச்சங்களை நீளக் கோத்தால் இத்திசை மாற்றம் மறைந்துவிடும். திசை மாறும் இடத்தில் வினைமுற்று வேண்டும்.

சமச்சீரற்ற புடைப்புகளுக்கு இம்மைய முறை பொருந்தாது. அங்கு டாப்பெட் அடிநிலையிலிருந்து 0.050 அங்குலம் ஏறிய இடத்தைச் சீட்டோடு ஒப்பிடுவர். எண் அதே, பொருள் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது "இலிருந்து" என்னும் உருபு. ஐந்தாம் வேற்றுமைக்கு எல்லைப்பொருள் உண்டு என்று நன்னூல் வகுத்தது, ஊர்களின் திசை கூறுவதற்கு மட்டுமன்று. பட்டறைக்கும் அதுவே இலக்கணம்.

சீட்டில் 106 இருக்க நாம் கண்டது 108 எனில், கேம் 2 பாகை பிந்தியிருக்கிறது. இதனைக் கூற "முன்", "பின்" என்னும் சொற்களைப் பலர் ஆள்கின்றனர். அவை காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். எஞ்சினுக்கும் முன்புறம் உண்டு அல்லவா? "முந்து", "பிந்து" என்னும் வினைகளோ ஐயத்திற்கு இடம்தருவதில்லை. அட்வான்ஸ், ரிட்டார்ட் எனப் பட்டறையில் வழங்குவனவற்றுக்கு இவற்றைவிடப் பொருத்தமான சொற்களைத் தேட வேண்டியதில்லை.

பல சாவிப்பள்ளங்கள் கொண்ட சக்கரத்தால் கேமை முந்தச் செய்தபின் மீண்டும் அளக்க வேண்டும். முந்தச் செய்தால் உள்ளிழுப்பு வால்வும், பிந்தச் செய்தால் வெளியேற்ற வால்வும் பிஸ்டனை நெருங்கும். உள்ளிழுப்புக்கு 0.080 அங்குலம், வெளியேற்றத்துக்கு 0.100 அங்குலம் என்பன குறைந்த அளவு இடைவெளியாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. பாகையையோ திசையையோ தவறாகப் புரிந்துகொண்டவர் எஞ்சினை இயக்கும்போது வால்வு பிஸ்டனில் மோதி வளையும். மயக்கமான வாக்கியத்திற்கு உலோகம் விலை கொடுக்கும்.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பில் கட்டுரைக்கு அழகிய உவமையைக் கேட்பதுபோல், செயல்முறை விளக்கத்திற்கு "எதிலிருந்து? எதன்மேல்? எத்திசையில்?" என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். மிதிவண்டிச் சங்கிலியை மாட்டும் முறையை ஒரு மாணவர் எழுதட்டும். மற்றொருவர் அதை மட்டுமே படித்து மாட்டிப் பார்க்கட்டும். சங்கிலி மாட்டிக்கொண்டால் அத்தமிழ் நல்ல தமிழ். கேம், வால்வு போன்ற சொற்களை மாணவர் ஒரு நாளில் கற்றுக்கொள்வர். எல்லை குறித்து எழுதும் பழக்கத்தை நாம் கற்பிக்காவிடில், கைத்தொழில் கற்கும் இளையோர் துல்லியத்திற்காக வேறு மொழியை நாடுவர்; தமிழ் விழா மேடைக்கு உரியதாகச் சுருங்கும். அதனைத் தடுக்கும் உருபுகளும் வினைகளும் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுசெல்வோம்.