மாதவிடாய் நிற்கும் பருவமும் உழைக்கும் பெண்களின் உடல், மன நலமும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மகாராஷ்டிர மாநிலத்தின் மராத்வாடா பகுதியில் உள்ளது பீட் மாவட்டம். மழை பொய்க்கும் வறண்ட பூமி. ஆண்டுதோறும் அக்டோபர் மாதவாக்கில் அங்கிருந்து பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டுவதற்காக மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடம்பெயர்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் அங்கே ஒரு தொழிலாளி. அந்த இணைக்குக் 'கோய்தா' என்று பெயர். அரிவாள் என்பது அதன் பொருள். ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுப்பது கோய்தாவுக்கு, கூலியும் கோய்தாவுக்கே. அந்தப் பெண்ணின் பெயரில் தனிக் கூலி இல்லை. இருவரில் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் முன்பணக் கணக்கில் அபராதம் ஏறும். வயலோரக் கூடாரத்தில் கழிப்பறை இல்லை. போதிய தண்ணீரும் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் விடியற்காலை தொடங்கிக் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்ற வேண்டும்.

இந்தப் பெண்களிடையே கருப்பை அகற்றும் அறுவை பெருமளவில் நடந்திருப்பது 2019ஆம் ஆண்டில் நாடறிந்த செய்தியாயிற்று. பீட் மாவட்டத்தில் மூன்றாண்டுகளில் 4,605 கருப்பை நீக்க அறுவைகள் நடந்துள்ளதாக மாநில சுகாதார அமைச்சரே சட்ட மேலவையில் தெரிவித்தார். மேலவை உறுப்பினர் நீலம் கோர்ஹே தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கணக்கெடுக்கப்பட்ட 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. ஆறு பேரில் ஒருவர் என்பதே இதன் பொருள். அவர்களில் பலர் நாற்பது வயதைக் கூட எட்டாதவர்கள்.

வெள்ளைப்படுதலுக்கும் வயிற்று வலிக்கும் வைத்தியம் தேடிப் போன பெண்ணிடம், 'இதை எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்' என்று சொல்லப்பட்டது. குழந்தைகள் பிறந்தாயிற்று, இனி அந்தப் பை எதற்கு என்று குடும்பமும் நினைத்தது. மாதவிடாய் நின்றால் அபராதமும் நிற்கும் என்று அந்தப் பெண்ணும் எண்ணினார். கடன் வாங்கி அறுவை செய்துகொண்டார். அந்தக் கடனை அடைக்க மீண்டும் கரும்புக் காட்டுக்கே சென்றார்.

மாதவிடாய் நிற்பது இயற்கை. அதைப் பற்றிப் பேச அரசியலில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. எந்த வயதில் அது நிற்கும் என்பதைக் கூடக் கூலிமுறையும் மருத்துவச் சந்தையும் தீர்மானிக்கும் நாடு இது. ஆகவே இது கட்சி பேச வேண்டிய பொருள்தான்.

உடலில் நிகழ்வது என்ன?

பெண்ணின் சினைப்பைகள் கருமுட்டையை முதிரச் செய்வதோடு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஆகிய ஹார்மோன்களையும் சுரக்கின்றன. ஹார்மோன் என்பது இரத்தத்தின் வழியே சென்று தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் வேதிப்பொருள். ஈஸ்ட்ரோஜனின் பணி கருப்பையோடு முடிந்துவிடுவதில்லை. எலும்பு, இரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப்பாதை, மூளை என எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

வயது ஏற ஏறச் சினைப்பையில் முட்டைகளின் இருப்புக் குறைகிறது. ஹார்மோன் சுரப்பு சில ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் தடுமாறி, பின்னர் அடங்குகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. உலகளவில் பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே, அதாவது மேலை நாடுகளைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது. நாற்பது வயதுக்கு முன் நின்றால் அது இயல்பானதன்று. மருத்துவக் கவனம் தேவைப்படும் நிலை.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உடல் வெப்பத்தைச் சீராக வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்தக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. திடீரென முகமும் மார்பும் அனலாய்க் கொதிக்கும், வியர்வை பெருகும், சில நிமிடங்களில் தணியும். இரவில் இது பலமுறை நிகழ்ந்தால் உறக்கம் கெடுகிறது. எலும்பின் அடர்த்தி இந்த ஆண்டுகளில் வேகமாகக் குறைகிறது. இதயநோய் அபாயம் கூடுகிறது. பிறப்புறுப்பு வறண்டு உடலுறவு வலி தருவதாகிறது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளப்படும் துன்பங்கள் இவை.

மனம் தனியே இயங்குவதில்லை

மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் போன்ற மூளை வேதிப்பொருட்களின் செயல்பாட்டிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அதனால் ஹார்மோன் தடுமாறும் இடைக்காலத்தில் பதற்றம், எரிச்சல், காரணம் புரியாத அழுகை, மறதி, கவனச் சிதறல் ஆகியவை தோன்றலாம். முன்பே மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். எல்லாப் பெண்களுக்கும் இது வருவதில்லை. பலர் பெரிய தொல்லையின்றி இந்தப் பருவத்தைக் கடக்கிறார்கள்.

இங்கே இரண்டு தவறான பார்வைகளை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. 'எல்லாம் மனப்பிரமை, எங்கள் காலத்தில் யார் இதையெல்லாம் பார்த்தார்கள்' என்று துன்பத்தையே மறுப்பது ஒன்று. பெண் கோபப்பட்டாலும் உரிமை கேட்டாலும் 'அது ஹார்மோன் கோளாறு' என்று ஒதுக்குவது மற்றொன்று. முதலாவது பெண்ணின் உடலை மறுக்கிறது. இரண்டாவது அவருடைய அறிவை மறுக்கிறது.

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணின் மனச்சோர்வுக்கு ஹார்மோன் மட்டுமே காரணமன்று. முதிய பெற்றோரைப் பராமரிப்பதும் மகளின் திருமணக் கடனும் வேலை இழப்பும் அதே ஆண்டுகளில்தான் வந்து சேர்கின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இரவெல்லாம் வியர்த்து உறங்காத பெண்ணும் விடியலில் அடுப்பு மூட்டியாக வேண்டும். மாத்திரை ஹார்மோன் குறைவை ஓரளவு ஈடுகட்டும். இந்த ஐந்து மணி நேரத்தைக் குறைக்காது.

தைராய்டு சுரப்பிக் குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வையும் மறதியையும் தரும். 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டறியக்கூடியவற்றை 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுவது பிழை.

அறுவையால் வரும் முதுமை

இயல்பாக மாதவிடாய் நிற்பதற்கும் கத்தியால் நிறுத்தப்படுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இயல்பான மாற்றத்துக்கு உடல் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கருப்பையோடு இரு சினைப்பைகளையும் நீக்கிவிட்டால் ஹார்மோன் சில நாட்களிலேயே வீழ்ந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஐம்பது வயதின் எலும்புச் சிதைவும் இதய அபாயமும் அன்றே தொடங்குகின்றன. மனச்சோர்வு அபாயமும் கூடுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் நீக்கினாலும், அவை சில ஆண்டுகள் முன்னதாகவே செயலிழக்கும் வாய்ப்பு அதிகம். முதுகுவலி, மூட்டுவலி, படபடப்பு, உறக்கமின்மை என்று இந்தப் பெண்கள் மீண்டும் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது, பழைய அறுவையையும் புதிய நோயையும் இணைத்துப் பார்ப்போர் அரிது.

நாடு முழுவதற்குமான கணக்கிலும் இதே போக்கு தெரிகிறது. கருப்பை நீக்கம் குறித்து முதன்முதலாகக் கேள்வி கேட்ட நான்காவது குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.2 விழுக்காட்டினர் அந்த அறுவை செய்துகொண்டவர்கள். ஆந்திரத்தில் இது 8.9, தெலங்கானாவில் 7.7. அறுவை நடந்த இடைநிலை வயது ஏறத்தாழ 34. மூன்றில் இரு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பள்ளிக்கல்வி பெறாத பெண்களிடம் விகிதம் அதிகம். பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக இரத்தப்போக்கு. அதற்கு மாத்திரைகள் உள்ளன; கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் உள்ளது. கருப்பையை நீக்குவது இறுதி வழியாகவே இருக்க வேண்டும்.

ஏழைப் பெண்ணுக்கு அது முதல் வழியானது ஏன்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளிர் மருத்துவர் இல்லை. குடும்பக் கட்டுப்பாடும் பிரசவமும் முடிந்த பெண் அரசின் சுகாதாரத் திட்டங்களின் பார்வையிலிருந்தே மறைந்துவிடுகிறார். 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்போதேனும் செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினர் மட்டுமே என்கிறது ஐந்தாவது குடும்பநல ஆய்வு. பரிசோதனை இல்லாத இடத்தில் அச்சம் எளிதில் விலைபோகிறது.

2008இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. அறுவைக்குக் காப்பீடு பணம் தரும். ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் தராது. விளைவு, பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்த புகார்கள் 2012இல் வெடித்தன. பொது மருத்துவமனையை நலியவிட்டுக் காப்பீட்டுப் பணத்தைத் தனியாருக்குத் திருப்பும் கொள்கை, பெண்ணின் உடலையே வருமானத்துக்கான வாயிலாக மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதை எதிர்த்து மருத்துவரும் மக்கள் நலச் செயல்பாட்டாளருமான நரேந்திர குப்தா உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு அனைத்து மாநிலங்களுக்கும் உத்தரவிடப்பட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு, தேவையற்ற அறுவை அல்லது உரிய ஒப்புதலற்ற அறுவை செய்யும் மருத்துவமனைகளைக் கரும்பட்டியலில் சேர்த்தல் ஆகியவை அதில் அடங்கும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தோழர்கள் கேட்க வேண்டும்.

மருத்துவம் உண்டு, அது எட்டவில்லை

ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை குறித்த அச்சம் பெரும்பாலும் 2002ஆம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், இரு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்த பிரிவு மார்பகப் புற்றுநோய், இதயநோய் அபாயம் காரணமாக இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதில் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள், அறுபது வயதுக்கு முன் தொடங்கும் பெண்களில் பெரும்பாலோருக்குத் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள் முதலியோருக்கு இது ஏற்றதன்று. மருத்துவர் பரிசோதித்தே தர வேண்டும். அறுவையால் இளவயதில் மாதவிடாய் நின்றவர்களுக்கு, தடை ஏதும் இல்லையெனில், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் தருவதே மருத்துவப் பரிந்துரை. நகரத்து வசதி படைத்த பெண்ணுக்கு இது கிடைக்கிறது. முப்பது வயதில் கருப்பை இழந்த கரும்பு வெட்டும் பெண்ணிடம் இப்படியொரு சிகிச்சை உண்டு என்று சொன்னவர் கூட இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியுள்ளது. அதே ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசு மருத்துவத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22 கணக்குப்படி அது 1.84 விழுக்காடு. மருத்துவச் செலவில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். உரிமை ஏட்டில் உள்ளது, மருந்து இல்லை.

செய்ய வேண்டியவை

கரும்பு வெட்டும் பெண்ணுக்கு அவர் பெயரிலேயே தனிக் கூலி, வராத நாளுக்கு அபராதம் விதிக்கும் முறைக்கு முடிவு, பணியிடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் ஓய்விடமும் - இவை முதல் கோரிக்கைகள். மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கான ஆலோசனை, தைராய்டு மற்றும் இரத்தசோகைப் பரிசோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, தேவையானோருக்கு ஹார்மோன் சிகிச்சை, மனநல உதவி ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கருப்பை நீக்கங்களின் மாவட்ட வாரியான தணிக்கையை அரசுகள் வெளியிட வேண்டும். ஏற்கெனவே அறுவைக்கு ஆளான பெண்களுக்குத் தொடர் சிகிச்சை வழங்க வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கிராமப்புற சுகாதார இயக்கம் தொடங்கிய 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் பணிக்கு வந்த ஆஷா பணியாளர்கள் பலர் இன்று இந்தப் பருவத்தில்தான் இருக்கிறார்கள். பிற பெண்களின் உடல்நலத்தைப் பதிவேட்டில் குறிக்கும் அவர்களுக்கே ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் வைக்கப்படும் கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டும்.

இறுதியாக, கட்சிக் கிளைகளுக்குள் எழ வேண்டிய ஒரு சுயவிமர்சனம். இருபதாண்டுகள் தெருவில் நின்ற பெண் தோழர் நாற்பத்தெட்டு வயதில் கூட்டங்களுக்கு வருவது குறைகிறது. 'ஆர்வம் குன்றிவிட்டது' என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. அவர் உறங்கி எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் கூட்டம், கழிப்பறை இல்லாத அலுவலகம், ஆண் தோழர்களின் வீட்டில் அவர்கள் தொடாத அடுப்பு - இவையும் அந்தக் குறைவுக்குக் காரணங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் வராத பெண் தோழர்களின் பட்டியலை வாசிக்கும் முன், அவர்களின் வீடுகளுக்குச் சென்று உடல்நலம் விசாரித்துவிட்டு வர வேண்டும். ஆண் தோழர்கள் இதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. பீட் மாவட்டத்துப் பெண்களின் உடலைச் சந்தை தடையின்றிக் கைப்பற்றியதற்கு, அதைப் பற்றி யாரும் பேசாதிருந்ததும் ஒரு காரணம்.