வடிவம் மாறும் லென்சு

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் விழி ஏற்பமைவுத் திறன் என்றொரு சிறு பகுதி வருகிறது. வரையறையைக் கேட்டால் நம் மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். 'லென்சு ஏன் தன் வடிவத்தை மாற்ற வேண்டும்?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தப் பகுதியை நான் இப்போது தொழிற்சாலைக் கேமராவிலிருந்து தொடங்குகிறேன்.

பார்சல்களைப் பிரித்து அனுப்பும் ஒரு கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கன்வேயர் பெல்ட்டில் பெட்டிகள் ஓடி வருகின்றன. மேலே பொருத்திய கேமரா ஒவ்வொரு பெட்டியின் பார்கோடையும் படிக்க வேண்டும். ஒரு பெட்டி 10 செ.மீ. உயரம், அடுத்தது 60 செ.மீ. ஆக, பொருளின் தொலைவு மாறிக்கொண்டே இருக்கிறது. பொருளின் தொலைவு மாறினால் பிம்பம் விழும் இடமும் மாறும். நாம் கரும்பலகையில் எழுதும் லென்சு சமன்பாடு சொல்வதும் இதைத்தான்.

வழக்கமான கேமரா மோட்டாரைக் கொண்டு லென்சை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. ஒரு படம் எடுத்து, தெளிவைப் பார்த்து, மீண்டும் நகர்த்துகிறது. தெளிவு குறையத் தொடங்கியதும், சரியான இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அறிந்து திரும்பி வருகிறது. கைப்பேசியை அச்செழுத்தின் அருகே கொண்டுபோனால், படம் மங்கித் தெளிவதை மாணவர்களே பார்க்கலாம்.

இங்கே ஒரு கணக்கு கொடுங்கள். பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். ஃபோகஸ் செய்ய கால் விநாடி ஆனால் பெட்டி எவ்வளவு நகர்ந்திருக்கும்? 50 செ.மீ. அதுவே 10 மில்லி விநாடி என்றால்? 2 செ.மீ. மட்டுமே. வேகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட ஒரு வழி திரவ லென்சு. சிறு கூட்டுக்குள் நீர் சார்ந்த கரைசலும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும். இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய சமம் என்பதால் கூட்டைச் சாய்த்தாலும் இடம் மாறுவதில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலுள்ள பரப்பின் வளைவு மாறும். குவியத் தொலைவும் மாறும். மின்னழுத்தத்தால் திரவப் பரப்பு மாறுவதை பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1875-இல் ஆராய்ந்தார். பின்னாளில் வண்ண ஒளிப்படத்துக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. 1990-களில் பிரான்சின் புருனோ பெர்ஜ், திரவத்துக்கும் மின்வாய்க்கும் இடையே மெல்லிய காப்புப் படலம் வைத்து இதை லென்சாகப் பயன்படுத்த வழி செய்தார்.

இதனுடன் தொலைவை அளக்கும் உணரியும் சேர்ந்தால், கேமரா தேடி அலைய வேண்டியதில்லை. பெட்டியின் தொலைவை அளந்து, அதற்குரிய மின்னழுத்தத்தை உடனே கொடுத்துவிடலாம். சில பத்து மில்லி விநாடிகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

இப்போது கண்ணுக்கு வாருங்கள். நம் விழி லென்சும் இடம் பெயர்வதில்லை. சிலியரித் தசைகள் அதன் வளைவை மாற்றுகின்றன. மீன்களில் பலவற்றின் கண்ணோ, மோட்டார் கேமராவைப் போல லென்சையே நகர்த்துகிறது. இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு வரையறையை மாணவர்கள் தங்கள் சொற்களிலேயே எழுதுகிறார்கள்.

செயல்பாட்டுக்குச் செலவில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகள் போதும். ஒன்றை நன்றாகக் கழுவித் துடையுங்கள். மற்றொன்றில் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டு, செய்தித்தாளின் மேல் பிடியுங்கள். சுத்தமான தகட்டில் சொட்டு பரவித் தட்டையாகும். எண்ணெய்த் தகட்டில் குவிந்து நிற்கும். எதில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபோகஸ் மாற்றாமலே தெளிவு பெற இன்னொரு வழியும் உண்டு. கேமராவின் துளையைச் சிறிதாக்கினால் பலவேறு தொலைவிலுள்ள பொருள்களும் ஓரளவு தெளியும். ஆனால் ஒளி குறையும் என்பதால் வலுவான விளக்குகள் வேண்டும். இதைச் சொல்லும்போது என் கண் வகுப்பறையின் பின்வரிசைக்குப் போகும். கண்ணை இடுக்கிக் கரும்பலகையைப் பார்க்கும் குழந்தையும் இதைத்தான் செய்கிறது. தன் துளையைத் தானே சிறிதாக்கிக்கொள்கிறது. 'ஏன் முறைக்கிறாய்?' என்று கேட்டு உட்கார வைத்துவிட்டால், கிட்டப்பார்வை உள்ள ஒரு பிள்ளை மந்தமான பிள்ளை என்ற பெயரோடு வளரும். அந்தப் பெயர்களைக் குறித்துவைத்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முதலில் காட்டுங்கள். கண்ணாடி கைக்கு வரும்வரை முன்வரிசையில் இடம் கொடுங்கள்.

ஓடும் பெட்டி ஒன்றைத் தவறவிடாமல் படிக்க இத்தனை உழைப்பு நடந்திருக்கிறது. நம் முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பது நம் வேலை.