பொன்னுக்கு வீங்கியும் பிள்ளைப்பேறும்

தாடையோரம் வீங்கும் பொன்னுக்கு வீங்கியைக் குழந்தைகளின் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். கழுத்தில் பொன் சங்கிலி போட்டால் போய்விடும் என்றும் நம்புகிறோம். உண்மையில் அது வைரஸ் கிருமியால் பரவும் நோய்.

பருவமடைந்த ஆண்களுக்கு இந்நோய் கண்டால், சில நாட்களில் விதைப்பையிலும் வீக்கமும் வலியும் வரலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு விதையே பாதிக்கப்படுவதால் பிள்ளைப்பேறு முற்றிலும் அற்றுப்போவது அரிது. ஆனால், விந்தணு குறையக்கூடும்.

பிள்ளையில்லாத வீட்டில் மனைவியை மட்டும் 'மலடி' என்று ஏசுகிறோமே, அது நியாயமா? கணவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ 3 மாதமாகும். ஆகவே, நோய் கண்டவர் அதன்பின் சோதித்துக்கொள்வது நல்லது. அணு குறைந்திருந்தாலும் வழியுண்டு. ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் சிகிச்சையால் 1992 முதல் குழந்தைகள் பிறந்து வருகின்றன.

வருமுன் காப்பதே மேல். மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் 9, 12 மாதக் குழந்தைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இந்நோயையும் தடுக்கும். நம் பிள்ளைகளுக்கு அதைத் தவறாமல் போடுவோம்.